முப்பத்திரண்டாவது தாள்

மதுரை,
14 பிப்ரவரி 1940

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

கடிதம் என்றால் முதலில் வீட்டாரின் சுகத்தை விசாரிக்க வேண்டும். எனக்கு இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஏன் அம்மா போனாய்?

சனிக்கிழமை காலை ஜெப மணி அடித்தபோது உன் பாய் சுருட்டியபடி சுவரோரம் இருந்தது. உன் டிரங்குப் பெட்டி இருக்கிறது, பாடக்குறிப்பு நோட்டு இருக்கிறது, நீ மட்டும் இல்லை. வாசல்காரர் கருப்புவைக் கேட்டேன். "அந்தப் புள்ள விடிஞ்சதும் விடியாததுமா காளவாசல் பக்கம் நடந்து போச்சும்மா. வீட்டுல யாருக்கும் முடியலையோன்னு நெனச்சேன்" என்றார். நாகமலையைத் தாண்டி ஒன்பது மைல். அதை நடந்தே போகிற அளவுக்கு இங்கே உனக்கு என்ன நடந்தது?

நான் நடத்திய பாடம்தான் காரணம் என்று உன் அறைத்தோழி நஜ்முன்னிசா சொல்கிறாள். அந்தப் பாடத்தில் என்ன தப்பு என்று நூறு தடவை யோசித்துவிட்டேன். வியாழக்கிழமை உங்களிடம் என்ன சொன்னேன்? ஆள் வரையக் கூடாது, மரம் வீடு வரையக் கூடாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை நினையுங்கள். அப்போது உங்கள் உடம்பில் எங்கே சுருங்குகிறது, எங்கே சுடுகிறது, அதற்கு என்ன நிறம், அதை மட்டும் தாளில் வையுங்கள் என்றேன். கொடைக்கானல் கோடை வகுப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இது. வாத்தியாராகப் போகிற பெண்கள், நாளைக்குப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கும் முன்னால் தங்கள் மனசை ஒரு தடவை பார்க்கட்டும் என்றுதான் அதை நடத்தினேன். யார் தாளிலும் பேர் எழுத வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். பேர் போட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? மறுநாள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருகைக்காகச் சுவரில் குத்தி வைத்தேன். அதில் ஏதோ ஒரு தாள் உன்னைத் தைத்திருக்கிறது. எந்தத் தாள் என்று எழுது.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தொடர்ந்து முப்பது நாள் வராதவர்களின் பேரைப் பதிவேட்டில் அடித்துவிடுவார்கள். உனக்கு மார்ச் ஒன்பது, சனிக்கிழமை சாயங்காலம் கடைசி. இருபத்தைந்தாம் தேதி பரீட்சை. பேரை அடித்துவிட்டால் பரீட்சை இல்லை, மறுபடி இங்கே இடமும் கிடையாது. உன் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் பார்த்த முதல் பெண் நீ. இரண்டு வருஷத்தை ஒரு தாளுக்காகத் தொலைக்காதே.

உடனே கிளம்பி வா.

உன் டிராயிங் டீச்சர்,
ஆனிமேரி


20 பிப்ரவரி 1940

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு, சீனியம்மாள் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கமாட்டார். ஊருக்குள் சிவனாண்டி கடையில் போட்டுவிட்டுப் போவார். எங்களில் யாராவது அந்தப் பக்கம் போய்க் கேட்டால்தான் உண்டு. மூன்று நாள் புளி மூட்டைமேல் கிடந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் புளி வாசம் அடிக்கிறது.

எந்தத் தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மேல் வரிசையில் ஜன்னலிலிருந்து மூன்றாவது. தாளின் உச்சியிலிருந்து நீலம் ஒல்லியாக ஒரே கோடாக இறங்குகிறது. அடியில் பழுப்பு நிறத்தில் இரண்டு வளைவுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அதைப் பார்த்து "அருவியா? குற்றாலமா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அருவிக்குக் கீழே இரண்டு கை இருக்காது டீச்சர்.

எங்கள் தெருவில் நடக்கத் தொடங்கிய பிள்ளைகூட அந்தப் படத்தை ஒரு பார்வையில் சொல்லிவிடும். களத்து வேலைக்குப் போன இடத்தில் தாகம் எடுத்தால், நாங்கள் கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்துக்கொள்வோம். அவர்கள் படிமேல் நின்று செம்பிலிருந்து ஊற்றுவார்கள். செம்பு கையில் பட்டுவிடக் கூடாதே, அதற்காக உயரம். என் ஆத்தா நாற்பது வருஷமாக அப்படித்தான் தண்ணீர் குடித்திருக்கிறது. அந்தத் தாளில் உயரம் கச்சிதமாக இருக்கிறது. வரைந்தவள் அதைப் பார்த்து வரையவில்லை, ஊற்றியிருக்கிறாள்.

ஊரில் எனக்கு இதெல்லாம் பழக்கம். யார் எம்புட்டு உயரத்திலிருந்து ஊற்றுவார் என்று தெரியும், எங்கே நிற்க வேண்டும் என்றும் தெரியும். அங்கே அப்படி இல்லை என்று நம்பினேன். ஒரே வரிசையில் சாப்பிட்டோம், ஒரே பானையில் மொண்டு குடித்தோம். அந்த வரிசையில் உட்கார்ந்த ஒருத்திக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நீலம்தான் தோன்றியிருக்கிறது. அவள் யாரென்று தெரியாமல் இனி எவள் பக்கத்தில் நான் உட்கார? பரிமாறுகிறவள் கரண்டியை ஒரு விரல்கடை உயர்த்தினாலும் இவளா அவள் என்றுதான் பார்ப்பேன்.

பேரைச் சொல்லுங்கள், மறுநாளே வந்துவிடுகிறேன். ஒருத்தி யாரென்று தெரிந்தால் மற்றவர்களோடு நிம்மதியாக இருப்பேன்.

இப்படிக்கு,
பே. சீனியம்மாள்


மதுரை,
24 பிப்ரவரி 1940

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீ சொன்ன பிறகு அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் பேரை மட்டும் கேட்காதே. பேர் வெளியே வராது என்ற வாக்கை நம்பித்தான் எல்லோரும் மனசைத் திறந்தார்கள். ஒருத்திக்காக அதை மீறினால் நாளைக்கு எந்தப் பிள்ளை என் முன்னால் தூரிகையைத் தொடும்? நீயும் ஒரு தாள் வரைந்தாய். முழுக்கச் சாம்பல் நிறம், ஒரு மூலையில் மட்டும் ஒதுங்கி நிற்கிற மஞ்சள். நீ யாரை நினைத்து வரைந்தாய் என்று நான் கேட்டேனா?

இன்னொன்றும் யோசித்துப் பார். அதை வரைந்தவள் உன்னை நினைத்துத்தான் வரைந்தாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? வெட்கப்பட்டுக்கூட வரைந்திருக்கலாம் அல்லவா?

இங்கே நிலைமை சரியில்லை. நீ ஏன் போனாய் என்று பிரின்சிபால் மிஸ்ஸியம்மாள் விசாரித்தார்கள், நீலத் தாள் என்று நஜ்முன்னிசா சொல்லிவிட்டாள். அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. பள்ளிக்கூடத்து நீலம் தீர்ந்துபோய், அவள் வாப்பா ஷேக் தாவூது சாயக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து அகலில் கரைத்தாளே, அந்த நீலம்தான் தாளில் இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு நாளாக அவளோடு யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டு வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது.

நீ வந்தால் எல்லாம் அடங்கிவிடும். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வந்துவிடு.

ஆனிமேரி


29 பிப்ரவரி 1940

டீச்சர் அவர்களுக்கு,

நஜ்முன்னிசா இல்லை. ரம்ஜானுக்கு அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் அம்மா அஜ்மல் பீவி, தான் குடிக்கிற தம்ளரிலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வாய் வைத்துக் குடித்தேன். "இன்னும் கொஞ்சம் குடிம்மா" என்று அதே தம்ளரில் மறுபடி ஊற்றினார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இந்த உயரம் தெரியாது. அவள் இரண்டு பக்கமும் காலி இடம் விட்டுச் சாப்பிடுகிறாள் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா?

இங்கே என் சேதியும் இருக்கிறது. நான் திரும்பி வந்ததை என் அய்யா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "படிச்சது போதும், அங்கயும் இதே கதைதான்னு நீயே பார்த்துட்டேல்ல" என்று சொல்லி, மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். பங்குனி பிறந்ததும் பரிசம் போட வருகிறார்கள். பிறகு மலைக்கு ஏற்றிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்ல என் கையில் ஒரு காரணம் வேண்டும். அங்கே முப்பது பேர் நல்லவர்கள், ஒருத்திதான் அப்படி, அவள் பேர் இன்னது என்று சொல்ல முடிந்தால் அய்யாவோடு மல்லுக்கு நிற்பேன். பேர் இல்லாமல் எதை வைத்து நிற்க?

என் சாம்பல் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு விஷயம். சுவரில் நாலு வரிசை, வரிசைக்கு எட்டுத் தாள். எங்கள் வகுப்பில் நாங்கள் முப்பத்தொரு பேர்.

சீனியம்மாள்


மதுரை,
3 மார்ச் 1940, ஞாயிறு

சீனியம்மாள்,

நீ எண்ணியிருக்கிறாய்.

நான்தான். அந்தத் தாள் என்னுடையது.

பூசைக்குப் போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உங்களை வரையச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பானேன் என்று நானும் ஒரு தாளை எடுத்தேன். என்ன வரையப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நஜ்முன்னிசாவின் அகலில் தூரிகையைத் தோய்த்தேன். கை தானாக மேலிருந்து கீழே இறங்கியது. கீழே பழுப்பை வைத்த பிறகுதான் அது என்ன என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். என் அப்பா கோயில்பிள்ளை, ஊராருக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், ஊரில் மரியாதையான குடும்பம், கடலைக் காடு இருந்தது. எங்கள் கோயிலிலேயே நடுவில் ஒரு தடுப்பு உண்டு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எனக்கு ஒன்பது வயது. கடலை ஆய வந்த ஒரு அம்மாள் முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை, நான்தான் ஊற்றினேன். சித்தி ஊற்றுகிற மாதிரி படிமேல் நின்று ஊற்றினேன். பிறகு செம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவள் கைக்குத் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க ஆசை. இன்னும் உயர்த்தினேன். தண்ணீர் சிதறி அவள் மாராப்பெல்லாம் நனைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அவள் குவித்த கையை எடுக்கவே இல்லை. அண்ணாந்து என்னைப் பார்த்து, "போதும் தாயி" என்றாள். ஒன்பது வயது வாண்டை அவள் தாயி என்றாள்.

இதை நான் எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை, விளையாட்டு என்று இருந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் கழித்து உங்கள் வகுப்பில் என் கைக்குத்தான் ஞாபகம் வந்தது. உன்னை நினைத்து வரையவில்லை என்று கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் நீ சொன்னது சரி, வரைந்தவள் ஊற்றியவள்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடக் கேவலம். குற்றாலமா என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். பேர் கேட்டு நீ எழுதியபோது வாக்கு, நம்பிக்கை என்று பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நஜ்முன்னிசாவைப் பிள்ளைகள் ஒதுக்கியபோது வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றேன். பயம்தான். உங்கள் எல்லோரையும் திருத்த வந்தவள் என்று மிஸ்ஸியம்மாள் முதற்கொண்டு என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பேர் போய்விடுமே என்று பயந்தேன்.

நாளைக் காலை வகுப்பில் சொல்லிவிடுகிறேன். நஜ்முன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். நீ சனிக்கிழமைக்குள் வந்துவிடு. என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காவிட்டால் நீ வாசலுக்குள் வருகிற நிமிஷமே நான் போய்விடுகிறேன், ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். உன் அய்யாவிடம் பேரைச் சொல். ஆனிமேரி என்று சொல். அது போதுமா? போதும் என்று எழுது, இல்லை, எழுத வேண்டாம், வா.

ஆனிமேரி


மதுரை,
9 மார்ச் 1940

சீனியம்மாள்,

நீ வரவில்லை.

மதியத்திலிருந்து வாசலில் நின்றேன். காளவாசல் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு மாட்டுவண்டியையும் பார்த்தேன். வாசல்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "உக்காருங்கம்மா, வார புள்ள எப்படியும் வரும்" என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் மிஸ்ஸியம்மாள் பதிவேட்டை எடுத்து உன் பேர்மேல் சிவப்புக் கோடு இழுத்தார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "அவளே வந்து கேட்காமல் நான் என்ன செய்ய முடியும்?" என்றார்கள்.

திங்கட்கிழமை சொன்னபடி வகுப்பில் சொன்னேன். நஜ்முன்னிசா அழுதாள், எனக்காக இல்லை. நாலைந்து பெண்கள் என் வகுப்புக்கு வர மாட்டோம் என்கிறார்கள். ஒருத்தியின் தகப்பனார் வந்து, மனசுக்குள் கிடப்பதைக் கிளறிவிடும் வாத்தியார் தன் மகளுக்கு வேண்டாம் என்று சத்தம் போட்டார். மாசக் கடைசியோடு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்காக நான் அழவில்லை. நீ வராததற்கு அழுகிறேன்.

கடிதம் கிடைத்ததா? கிடைத்தும் வரவில்லையா? எது என்று மட்டுமாவது சொல். இரண்டில் எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனிமேரி


11 மார்ச் 1940

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் இன்றைக்குத்தான் சேர்ந்து கிடைத்தன. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போன சிவனாண்டி கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாலாம் தேதியிலிருந்து தினமும் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார், கடிதம் உள்ளே, நான் வெளியே. இன்று திறந்ததும் கேட்டேன். "ஒனக்குத்தான் எம்புட்டுக் கடுதாசி, இந்தா பிடி" என்று கல்லாவிலிருந்தே எழுந்து கையை உயர்த்தினார். நான் கீழே நின்று இரண்டு கையையும் குவித்தேன். போட்டார். நீங்கள் எழுதிய பேர் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

நீங்கள்தான் என்று நான் அன்றைக்கே எண்ணிவிட்டேன். சனிக்கிழமை விடியலில் நடந்து வரும்போது நாகமலை முழுவதும் எனக்கு அந்தக் கணக்குதான் ஓடியது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நஜ்முன்னிசாவின் அகலில் நீங்கள் தூரிகையைத் தோய்த்ததை நான் பார்த்திருந்தேன். ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். அதனால்தான் பேரைக் கேட்டேன். உங்கள் வாயால் வேறு ஒரு பேர் வந்துவிட்டால் போதும் என்று இருந்தேன். முதல் கடிதத்திலேயே நீங்கள் சொல்லியிருந்தால் அன்றே கோபப்பட்டு, அன்றே அழுது, பிப்ரவரியிலேயே வந்திருப்பேன்.

பரிசம் வியாழக்கிழமை. நான் நாளைக் காலையில் கிளம்பி வாரேன். தபாலை நம்பாமல் இதை இன்று ராத்திரி மதுரைக்குப் போகிற வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அய்யா கையை ஓங்கிவிட்டார், பரவாயில்லை. பேரை அடித்தது அடித்ததுதான், தெரியும். அவளே வந்து கேட்கட்டும் என்றார்களாமே, வந்து கேட்கிறேன். மிஸ்ஸியம்மாள் முன்னால் நிற்கும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும், ராஜினாமா அது இது என்று ஓடிவிடக் கூடாது. ஊற்றியவர் போய்விட்டால் நனைந்தவள் யாரிடம் பேசுவது? அந்தத் தாளை மறுபடி சுவரில் குத்தி, அடியில் உங்கள் பேரை எழுதி வையுங்கள். என் சாம்பல் தாளின் அடியில் நான் எழுதிக்கொள்கிறேன். பதிவேட்டில் இல்லாத பேர் சுவரிலாவது இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களைத் திட்டும் என்று நினைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஒசரமா ஊத்துனா பாதித் தண்ணி தரையில போயிரும்" என்று மட்டும் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கேட்ட அந்தப் பொம்பள பேரு என்னவாம்?" என்று கேட்டது.

நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் இல்லை. அப்போதுதான் என் தாள் எனக்கு உறைத்தது. நம் விடுதிக் கக்கூஸைக் கழுவ வருகிற அம்மாளை நினைத்துத்தான் அந்தச் சாம்பலைப் பூசினேன். அவள் வரும்போது நானும் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவேன். இரண்டு வருஷமாக அவள் பேர் எனக்குத் தெரியாது. நாளைக்கு வந்ததும் அவளிடம் கேட்கப் போகிறேன்.

நீங்களும் உங்கள் ஊருக்கு எழுதிக் கேளுங்கள். ஆத்தா பதிலுக்காகக் காத்திருக்கிறது.

பே. சீனியம்மாள்